எட்டாம் நாள் புருவம்

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 31. நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருக்கிறேன். இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு புருவத்திலும் வால் பக்கத்து முடி கொட்டிவிட்டது. தினமும் பென்சிலால் வரைந்துகொண்டு போவேன், மதியத்துக்குள் வியர்வையில் வழிந்துவிடும். தையில் தம்பிக்குக் கல்யாணம். சேர்த்து வைத்திருந்த பணத்தில் ஒரு பார்லரில் மைக்ரோபிளேடிங் செய்துகொண்டேன். முதல் மூன்று நாள் கரிக்கோடு இழுத்த மாதிரி அடர்த்தியாக இருந்தது. இன்று எட்டாம் நாள். பக்குப் பக்காக உரிகிறது, கூடவே நிறமும் போய்விட்டது. இடது புருவத்தின் நடுவில் சொட்டையாகத் தெரிகிறது. சீழோ காய்ச்சலோ இல்லை, வலியும் குறைந்துவிட்டது, ஆனால் அரிப்பு தாங்கவில்லை. "நல்லா இருந்த முகத்தை இப்படிக் கெடுத்துக்கிட்டு வந்து நிக்கிறியே" என்று மாமியார் திட்டுகிறார். என் பாட்டி கையில் இருக்கும் பச்சை மாதிரி இதுவும் நீலமாகிவிடுமா? ஊசி வழியாக வேறு நோய் ஏதும் வந்திருக்குமோ என்று ராத்திரி தூக்கமே இல்லை. பார்லரில் கேட்டால், "வாங்க, இன்னும் கொஞ்சம் ஆழமாப் போட்டுடலாம், நிக்கும்" என்கிறார்கள். போகலாமா?

— ஆர். எஸ்., கீழ்வேளூர்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் புருவம் ஆற வேண்டிய முறையில்தான் ஆறிக்கொண்டிருக்கிறது. இந்தச் சிகிச்சையில் பார்க்கச் சகிக்காத கட்டம் என்று ஒன்று உண்டு. அது ஏழாம் நாளில் தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் வரை போகும். நீங்கள் அதன் நடுவில் நிற்கிறீர்கள். சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, வலி குறைந்துவிட்டது என்ற உங்கள் மூன்று வரியைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பார்லருக்கு மட்டும் இப்போது போகவே போகாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

மைக்ரோபிளேடிங், அரை நிரந்தர ஒப்பனை என்று எந்தப் பெயரில் சொன்னாலும் இது பச்சை குத்துவதுதான். பேனா போன்ற ஒரு கைப்பிடி. அதன் நுனியில் மிக மெல்லிய ஊசிகள் நாற்றங்கால் போல நெருக்கமாக ஒரே வரிசையில் இருக்கும். அதை நிறமியில் தொட்டு, முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளருமோ அந்தப் பக்கமாகவே தோலில் மெல்லிய கீறல்கள் போடுவார்கள். கீறலுக்குள் இறங்கிய நிறமி அங்கேயே தங்கி, தூரத்தில் இருந்து பார்க்க ஒவ்வொரு கோடும் ஒரு முடி போலத் தெரியும். கீறாமல், மெஷினால் புள்ளி புள்ளியாகக் குத்தி நிழல் விழுந்தது போலச் செய்வதும் உண்டு.

எல்லாமே ஆழத்தில்தான் இருக்கிறது. நீங்கள் வயற்காட்டு ஊர்க்காரர், சொன்னால் சட்டென்று புரியும். நாற்றை மேலாக நட்டால் தண்ணீரில் மிதந்துவிடும், ஆழமாக ஊன்றினால் தூர் கட்டாது. நடவு ஆட்கள் விரல் கணக்கில் அந்த ஆழத்தை வைத்திருப்பார்கள். தோலிலும் அப்படி ஒரு கணக்கு உண்டு. முகத்தில் எபிடெர்மிஸ் (மேல்தோல்) சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அது ஏறத்தாழ மாதம் ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்ந்துகொண்டே இருப்பது. அதில் நிற்கும் நிறமி அதோடு உதிர்ந்துவிடும். அதற்கு அடியில் இருக்கும் டெர்மிஸ் (அடித்தோல்) உதிர்வதில்லை. அதன் மேல் விளிம்பில் போய் நிற்கும் நிறமிதான் ஓரிரண்டு ஆண்டு, சிலருக்கு மூன்று ஆண்டு வரை தங்கும். ஊசி உள்ளே போகிற வழியில் மேல்தோலிலும் நிறமியைச் சிந்திக்கொண்டுதான் போகிறது. முதல் மூன்று நாள் நீங்கள் பார்த்த கரிக்கோடு, இந்த இரண்டு அடுக்கு நிறமியும் கசிந்து உலர்ந்த நீரும் சேர்ந்தது. இப்போது பக்கோடு போய்க்கொண்டிருப்பது மேல் அடுக்கு.

"அப்படியானால் அடியில் இருப்பது தெரிய வேண்டாமா, வெறுந்தோலாக அல்லவா இருக்கிறது?" என்று கேட்பீர்கள். பக்கு விழுந்த இடத்தில் இப்போது மூடியிருக்கும் தோல் புதுசு. அது இன்னும் தெளியவில்லை, பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கும். அடியில் நிறமி இருந்தாலும் வெளியே காட்டாது. மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அது தெளியத் தெளிய, போய்விட்டது என்று நினைத்த கோடுகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். நாலாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் தெரிகிற நிறம்தான் உங்களுக்கு உண்மையில் கிடைத்த நிறம். முதல் நாள் பார்த்ததைவிட அது பாதி அளவுக்கு வெளிறித்தான் இருக்கும். சொட்டையாகத் தெரியும் இடத்திலும் ஓரளவு வரும். வராத இடத்துக்காகத்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒரு டச்-அப் (விட்ட இடத்தை நிரப்புதல்) வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் ஊசியை எடுக்கும் முன்பே உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் நீங்கள் இத்தனை இரவு விழித்திருக்க வேண்டியதில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

இனி உங்கள் பாட்டியின் கை. அடுத்த முறை அந்தக் கையை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் கூர்மையாக இருந்த கோலப் புள்ளிகள் இன்று தாளில் ஊறிய மை போல விரிந்து, ஓரம் கலைந்து, பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறமாக இருக்கும். ஆனால் குத்திய மை கறுப்பு. அது எப்படித் தயாரானது என்பதைச் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நூறாண்டுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்துத் துணியில் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்றி, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து, அதில் படிகிற கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். சுத்தமான விளக்குக்கரி அது. தெருவில் கூடையோடு வந்த குறத்தி அதைத் தொட்டு ஊசிகளால் குத்தினார். அந்தக் கரி அடித்தோலின் ஆழத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆழத்தில் இருக்கும் கறுப்பைத் தோல் வழியாகப் பார்க்கும்போது நீலமும் பச்சையும்தான் நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. மணிக்கட்டில் ஓடும் ரத்தக்குழாய் சிவப்பாகத் தெரியாமல் பச்சையாகத் தெரிகிறதே, அதே காரணம்தான். நம் முன்னோர் மையின் நிறத்தை விட்டுவிட்டு, தோலில் தெரிகிற நிறத்தை வைத்துப் 'பச்சை' என்று பெயரிட்டார்கள்.

உங்கள் புருவம் நீலமாகுமா என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. ஊசி மேலாக நின்றிருந்தால் ஆகாது, ஆழமாகப் போனால் ஆகும். உங்களுக்குச் சீக்கிரமே வெளிறுகிறது என்றால், பெரும்பாலும் ஊசி ஆழமாகப் போகவில்லை என்றுதான் அர்த்தம். அது உங்களுக்கு நல்லது. நிற்கவில்லை, நிற்கவில்லை என்று மூன்று முறை ஆழமாகப் போட்டுக்கொண்ட ஒரு பெண் என்னிடம் வந்தார். நெற்றியைத் தலைமுடியால் மூடியே உள்ளே வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் முடியை ஒதுக்கினார். இரண்டு புருவமும் சிலேட்டுச் சாம்பல் நிறத்தில், கோடு தெரியாமல் பட்டையாக, தொட்டால் தடிப்பாக இருந்தன. அந்தத் தடிப்பு தழும்பு. அதற்கு மேல் எந்த நிறமியும் ஒழுங்காகப் பிடிக்காது. பார்லரில் இருப்பவர்கள் கெட்ட எண்ணத்தில் உங்களைக் கூப்பிடவில்லை, வாடிக்கையாளர் வருத்தப்படுகிறாரே என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் ஆறாத தோலில் இரண்டாம் முறை கீறுவதும், "ஆழமா" என்ற அந்தச் சொல்லும் இரண்டுமே தவறு.

லேசர் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் இதையும் நினைவில் வையுங்கள். புருவ நிறமிகளில் இரும்பு ஆக்சைடும் (துருவின் இனம்), நிறத்தை இளக்க டைட்டானியம் டை ஆக்சைடும் (வெள்ளை நிறமி) சேர்ப்பது வழக்கம். இவற்றின் மேல் லேசர் பட்டால் சில சமயம் நிறம் மறைவதற்குப் பதில் சட்டென்று கறுத்துவிடும். அதனால் தெரிந்தவர்கள் ஓர் ஓரத்தில் சின்னப் புள்ளியில் சோதித்துப் பார்க்காமல் புருவத்தில் லேசர் வைப்பதில்லை. சில ஆண்டு கழித்துப் புருவம் செம்பட்டையாக மாறுவதற்கும் நிறமிக் கலவைதான் காரணம். கலவையில் மற்ற நிறங்கள் முன்னால் மங்கி, சிவப்பு கடைசியில் தங்கிவிடும். எண்ணெய்ப் பசை உள்ள முகத்திலும் நம் பக்கத்துப் புழுக்கத்திலும் கோடுகள் சீக்கிரம் கலங்கும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அரிப்பு, புதுத்தோல் வளர்கிறது என்பதற்கு அடையாளம். உங்களுக்கு அது கூடுதலாக இருப்பதற்கு வேலை இடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குறுவை நெல் வந்து குவியும் நேரம். தூற்றும் மெஷின் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்தால் நெல் சுணை முகமெல்லாம் அப்பும், நல்ல தோலுக்கே அது அரிக்கும். இன்னும் பத்து நாளைக்கு மேசையைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் மாற்றிப் போடச் சொல்லுங்கள், நெற்றியைப் புருவம் வரை மெல்லிய பருத்தித் துணியால் தளர்வாக மூடிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்பால் கை கழுவிவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் புருவத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். உலர்ந்ததும் பெட்ரோலியம் ஜெல்லியை அரிசி அளவு எடுத்து, பளபளப்பு தெரிகிற அளவுக்கு மட்டும் தடவுங்கள். கனமாகப் பூசினால் தோல் ஊறிப்போய்ப் பக்கு மொத்தமாகப் பெயர்ந்துவிடும். அரிப்பு தாங்காதபோது நகத்தைக் கொண்டுபோகாமல், புருவத்துக்கு மேலே நெற்றியில் விரலால் மெதுவாகத் தட்டுங்கள். பக்கு தானாக விழ வேண்டும். பிய்த்தால் நிறமியும் வரும், தழும்பும் விழும்.

மாமியார் நல்ல மனதோடு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக்கொண்டு வருவார். வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். திறந்த கீறலில் அம்மியில் அரைத்தது எதுவும் படக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும் வேண்டாம், அது ஆறுவதைத் தாமதப்படுத்தும், கிருமிக்கும் இடம் கொடுக்கும். நியோமைசின் சேர்ந்த களிம்பு பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெயை நெற்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சீயக்காய் புருவத்தில் இறங்காமல் தலையைப் பின்னால் சாய்த்து அலசச் சொல்லுங்கள். சிக்கல் கோயிலில் வேல் வாங்கும் விழாவுக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் தோல் முழுதாக மூடி ஒரு மாதம் ஆகும்வரை குளத்தில் முழுகுவதும் வேளாங்கண்ணிக் கடலில் குளிப்பதும் வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான சில கிருமிகள் தண்ணீரில் வாழ்பவை. சுவிட்சர்லாந்தில் ஒரே ஒருவரிடம் புருவ ஒப்பனை செய்துகொண்ட 12 பேருக்கு அந்த இனத்துக் கிருமி ஒன்று தொற்றியதை 2011-இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரையோடு அறுவைச் சிகிச்சையும் தேவைப்பட்டது. அபூர்வம்தான், ஆனால் அது உடனே வராது. எல்லாம் ஆறிய பிறகு சில வாரமோ மாதமோ கழித்து, கோடு போட்ட இடத்தில் சின்னச் சின்ன முடிச்சாகக் கிளம்பும். அப்படி எப்போது வந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டி பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தல்) செய்ய வேண்டும். நிறமியின் மேல் உடலே கோபித்துக்கொள்ளும் கிரானுலோமா (அந்நியப் பொருளைச் சுற்றி உருவாகும் கட்டி) என்ற வகையும் பார்க்க இப்படித்தான் இருக்கும்.

உடனே கிளம்ப வேண்டிய அடையாளங்கள் வேறு. குறைந்த வலி திரும்ப ஏறுவது, சிவப்பு புருவத்தைத் தாண்டிப் பரவுவது, மஞ்சளாகச் சீழ், இமை வீக்கம், காய்ச்சல். இதில் ஒன்று வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் உங்கள் பக்கத்திலேயே ஒரத்தூரில் திறந்தாயிற்று. இதற்காகத் தஞ்சாவூர் வரை அலைய வேண்டியதில்லை.

ஊசி வழி நோய் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். கேட்டது சரியான கேள்விதான். ஊசிகள் வரிசையாக உள்ள அந்த நுனியை உங்கள் கண் முன்னால் புதுப் பையிலிருந்து பிரித்தார்களா? நிறமியை உங்களுக்கென்று தனிக் கிண்ணத்தில் ஊற்றினார்களா? இரண்டும் நடந்திருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். நினைவில்லை என்றால் மனத்தில் வைத்துப் புழுங்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் ஆறு வாரம் கழித்தும், மூன்று மாதம் முடிந்ததும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம். இலவசம், யாருக்கும் சொல்ல மாட்டார்கள். கூடவே ஹெபடைடிஸ் பி, சி (கல்லீரலைத் தாக்கும் இருவகைக் கிருமிகள்) பரிசோதனையும் கேளுங்கள். அவை வெளித்தெரிய ஆறு மாதம் வரைகூட ஆகலாம் என்பதால் ஆறாவது மாதத்தில் ஒருமுறை திரும்பப் பாருங்கள். இந்த ஓராண்டுக்கு ரத்த தானம் செய்யக் கூடாது என்பதும் விதி. எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் புருவத்தில் நிறமி இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். எடுக்கலாம், அபூர்வமாகச் சிலருக்கு அந்த இடத்தில் கொஞ்சம் சூடு தெரியும், அவ்வளவுதான்.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒன்றுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. புருவத்தின் வால் பக்கத்து முடி ஏன் கொட்டியது? நூல் போட்டுத் திருத்தித் திருத்தி வேர் ஓய்ந்துபோகலாம். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு, இரண்டு பக்கமும், வெளி ஓரத்தில் என்றால் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சோர்வு, எடை கூடுவது, மலச்சிக்கல், மாதவிலக்கு தள்ளிப்போவது, தலைமுடி கொட்டுவது இவற்றில் எது இருந்தாலும், எதுவும் இல்லாவிட்டாலும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் சுரப்பு) பரிசோதனையோடு ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடலில் இரும்புச்சத்தின் இருப்பு) பாருங்கள். குறை இருந்து மருந்து எடுத்தால் சில மாதத்தில் உங்கள் சொந்த முடியே திரும்பலாம். அப்போது இந்த நிறமி அதற்கு அடியில் நிழலாக நின்றுகொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பயமுறுத்துவதற்காக இல்லை. தொழுநோயிலும் புருவம் வெளிப்பக்கத்திலிருந்துதான் கொட்டும். உடம்பில் எங்காவது உணர்ச்சி குறைந்த தேமல் இருந்தால் மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், மாத்திரை இலவசம், முழுதாகக் குணமாகிற நோய்.

அதைச் சொல்லும்போது வேலூர் நினைவுக்கு வருகிறது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டியவர். கை நிமிர்ந்து, நோயும் தீர்ந்து ஊருக்குப் போனவர்களை ஊர் சேர்க்கவில்லை. புருவம் இல்லாத முகமே காட்டிக்கொடுத்தது. அதனால் அவர் புருவமும் செய்ய ஆரம்பித்தார். தலையில் முடியுள்ள தோலில் ஒரு துண்டை, அதற்கு ரத்தம் கொடுக்கும் குழாயை அறுக்காமல், நெற்றித் தோலுக்கு அடியில் வழி உண்டாக்கிக் கொண்டுவந்து புருவத்தின் இடத்தில் வைத்துத் தைத்தார். தலைமுடி அல்லவா, அது தலைமுடி போலவே நீளமாக வளரும், கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிலர் கத்தரிக்க மறுத்து, அடர்ந்து தொங்கும் புருவத்தோடு பெருமையாக நடந்தார்களாம். புருவம் வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டதை வீட்டில் யாராவது வீண் மினுக்கு என்று சொன்னால், இதை எடுத்துச் சொல்லுங்கள்.

டச்-அப் வேண்டுமா என்பதை எட்டாவது வாரத்தில் முடிவு செய்வோம். கல்யாணத்துக்கு அதன் பிறகும் நாள் இருக்கிறது. போவதாக இருந்தால், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும், மறுபடி கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். காது குத்திய இடத்திலோ பிரசவத் தையலிலோ தழும்பு புடைத்து வளர்ந்திருந்தால் அது கீலாய்டு (காயத்தை மீறி வளரும் தழும்பு) உடம்பு, இனி ஊசியே வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், வெண்புள்ளியோ சொரியாசிஸோ உள்ளவர்கள், பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டு ஆறு மாதம் ஆகாதவர்கள், இவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உட்காரக் கூடாது. நாற்காலியில் சாய்வதற்கு முன், "கோடு விட்ட இடத்தில் மட்டும், போன முறை போன ஆழத்துக்கு மேல் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நிறமிப் புட்டியின் சீட்டை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வாமை வந்தால் எங்களுக்கு அது உதவும்.

ஆறு வாரம் முடிந்ததும், காலை வெயில் ஏறுவதற்கு முன் வாசல் வெளிச்சத்தில், பென்சில் எதுவும் போடாமல் இரண்டு புருவமும் தெரிய ஒரு படம் எடுத்து, டி.எஸ்.எச். முடிவோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.